நான்கு ஆண்டுகள், மூன்று வாஷர்கள், ஒரு குடிநீர்க் கேன்

அவசர காலத்துக்குக் குடிநீர் சேமித்து வைக்க, என்னிடம் இருப்பதைப் போன்ற குழாய் வைத்த கேனையே வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கேள்வி வந்த நேரம் சரியில்லை. அதே கேனின் குழாய்க்கு மூன்றாவது வாஷரை மாட்டிவிட்டு, நனைந்த தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். இருந்தாலும் நியாயம் தவறாமல் எழுதவே முயல்கிறேன்.

20 லிட்டர் கொள்ளளவு, அடியில் பிளாஸ்டிக் வகையைக் குறிக்கும் 2 என்ற எண் பொறித்த தடித்த பாலிஎத்திலீன், குறுகிய வாய், கீழ்ப்பகுதியில் திருகு குழாய் ஆகியவை வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிந்தவையே. வீட்டில் நாங்கள் நால்வர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 லிட்டர் என்ற பரவலான கணக்கின்படி மூன்று நாளுக்கு 48 லிட்டர் தேவைப்பட்டதால், மூன்று கேன்களாக வாங்கினேன்.

கேனின் உடலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒளி புகாத அடர்நீலம் என்பதால் நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட உள்ளே பாசி படரவில்லை; இதற்கு முன் வைத்திருந்த வெளிறிய கேனில் இரண்டே மாதத்தில் பச்சை படர்ந்தது. பிளாஸ்டிக் வாடையும் தண்ணீரில் ஏறவில்லை. பெட்ரோல், பூச்சிமருந்து போன்றவற்றின் ஆவி இவ்வகைப் பிளாஸ்டிக்கின் சுவரை ஊடுருவக்கூடியது என்பதால் அவற்றின் அருகே மட்டும் வைத்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய நீரைக் கொட்டிவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் வாசனை சேர்க்காத பிளீச் திரவம் கலந்த கரைசலை உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி அரை நிமிடம் குலுக்கி வெளியே கொட்டிவிட்டு, உலரவைத்து மீண்டும் நிரப்புகிறேன். குளோரின் கலந்து வரும் குழாய் நீரானால் மேற்கொண்டு எதுவும் சேர்க்கத் தேவையில்லை. அப்படி இல்லாத தெளிந்த நீருக்கு, 6 விழுக்காடு பிளீச் திரவத்தில் லிட்டருக்கு 2 சொட்டு, அதாவது கேனுக்கு 40 சொட்டு விட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, மெல்லிய குளோரின் வாடை வருகிறதா என்று முகர்ந்து பார்க்கிறேன். பிளீச் திரவமே நாள்பட நாள்பட வீரியம் இழக்கும் என்பதால் பழைய புட்டியை நம்புவதில்லை. சேமித்த நீர் குடிக்கும்போது சப்பென்றிருக்கும். இரண்டு பாத்திரங்களுக்கிடையே நாலைந்து முறை ஆற்றினால் அது போய்விடும்.

இனி குழாய்க்கு வருகிறேன். யானை நுழைந்த வாசலில் வால் மாட்டிக்கொண்டதைப் போல, இந்தக் கேனின் எல்லாப் பெருமையும் ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள வாஷரில் வந்து சிக்கிக்கொள்கிறது. சொட்டுகிறது. அருவியாகக் கொட்டினால்கூட மன்னித்திருப்பேன், ஏனென்றால் உடனே கண்ணில் படும். பத்து நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் ஒரு நாளில் 8,640 சொட்டுகள். 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால் அது 432 மில்லிலிட்டர். அந்த வேகம் குறையாமல் தொடர்ந்தால் முழுக் கேனும் ஒன்றரை மாதத்தில் காலி. நானோ ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் அந்த மூலைக்குப் போகிறேன். சிறு கசிவாயின் விழுந்த நீர் ஆவியாகிப் போய், தரையில் உப்புப் படிந்த வெள்ளைத் தடம் மட்டுமே மிஞ்சுகிறது.

இது வெறும் கணக்கு அல்ல. இரண்டாம் ஆண்டில் பிரதான குழாய் உடைந்து மூன்று நாள் நீர் வரத்து நின்றபோது, ஒரு கேனில் 20 லிட்டருக்குப் பதிலாகப் 11 லிட்டர்தான் இருந்தது. மேல்மூடி இறுக மூடியிருந்ததால் காற்று புகாமல், கேன் வயிற்றை எக்கியதைப் போல உள்வாங்கியிருந்தது. அதனால்தான் மிச்சமாவது தப்பியது. மொத்தம் 51 லிட்டர் கையிருப்பு, தேவை 48. பிழைத்தோம். ஆனால் அந்த மூன்று நாளும் குழாயைத் திறக்கும் ஒவ்வொரு கையையும் நான் முறைத்துக்கொண்டிருந்ததாக வீட்டில் இன்றும் சொல்வார்கள். வரத்து திரும்பிய பிறகும் இரண்டு நாள் கொதிக்கவைத்தே குடித்தோம். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வசிப்பவர்களுக்கு மூன்று நிமிடம் என்பது கணக்கு. குளோரினுக்கு எளிதில் மடியாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற நுண்ணுயிரிகளும் கொதிநீரில் மடிந்துவிடும்.

கசிவுக்குக் காரணம் ரப்பர்தான் என்று கண்டுகொண்டேன். குளோரின் கலந்த நீரில் ஊறிக்கிடந்த முதல் வாஷர் ஓட்டுத்துண்டைப் போல இறுகிப்போயிருந்தது. அடுத்ததை, கசியக் கூடாதே என்ற பயத்தில் குறடு போட்டு முறுக்கி நானே பிதுக்கிவிட்டேன். இப்போது போட்டிருப்பது சிலிகான். கையால் மட்டுமே இறுக்கியிருக்கிறேன்.

நியாயத்துக்காக இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கியபோது ஒவ்வொரு கேனுடனும் துளையில்லாத மூடி ஒன்று வந்தது. எதற்கென்று தெரியாமல் இழுப்பறையில் போட்டிருந்தேன். குழாயைக் கழற்றிவிட்டு அந்த மூடியைப் போட்டுச் சேமிப்பதும், நீர் தேவைப்படும் நாளில் கேனை மல்லாக்கக் கிடத்திக் குழாயைப் பொருத்துவதும்தான் சரியான முறை என்பது, போன வாரம் அந்த மூடி தற்செயலாகக் கையில் அகப்பட்டு, குழாய்த் துளையில் கச்சிதமாகப் பொருந்தியபோதுதான் விளங்கியது. அப்படியானால் தவறு என்னுடையதும்தான். ஆனால் கேனோடு வந்த தாளில் நிறங்களின் பட்டியலுக்கு இடம் ஒதுக்கியவர்கள், இந்த மூடியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. 20 கிலோ எடையைக் கிடத்தி நிமிர்த்தும் வேலையை முதுகு வலிக்காரர் எப்படிச் செய்வார் என்று யோசித்ததாகவும் தெரியவில்லை.

அந்தக் குழாயின் அருமையையும் மறைக்க முடியாது. சேமித்த நீர் பெரும்பாலும் கெடுவது கையையும் குவளையையும் உள்ளே விடுவதால்தான். குறுகிய வாயும் அடிக்குழாயும் உள்ள கேனில் யாருடைய விரலும் நீரைத் தொடுவதில்லை. அந்த மூன்று நாளும் சிறியவர் முதல் பெரியவர் வரை நூலைப் போன்ற நீர்த்தாரையில் கை கழுவியதும், ஒருவருக்கும் வயிற்றுக்கோளாறு வராததும் இதனால்தான் என்று நம்புகிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். குழாய் இல்லாத, குறுகிய வாயுள்ள, 10 லிட்டர் கேன்களாக வாங்கிச் சாய்த்து ஊற்றிக்கொள்ளுங்கள். தூக்கவும் எளிது, கசியவும் இடமில்லை. என்னுடைய மூன்றையும் பாதி விலைக்குக் கேட்டாலும் தருவதாக இல்லை என்பது வேறு விஷயம். இரண்டுக்கு மூடி போட்டாயிற்று. சிலிகான் வாஷர் போட்ட கேனின் குழாயடியில் உலர்ந்த காகிதம் ஒன்றை விரித்து வைத்திருக்கிறேன். இதை எழுதி முடிக்கும் வரை அது நனையவில்லை.