கைவினைக் கடைக்கு யாரிடம் யோசனை கேட்பது? பெரிய குழுவா, ஒரே தொழில்காரர்களா, ஒற்றைத் துணையா?

பனை ஓலைப் பெட்டி முடைந்து விற்பது என் தொழில். ஊர் தூத்துக்குடிப் பக்கம். வாட்ஸப் கேட்டலாக், இன்ஸ்டாகிராம், கைவினைப் பொருள்களை விற்கிற எட்ஸி என்ற இணையச் சந்தை என்று மூன்று இடத்தில் கடை வைத்திருக்கிறேன். முடைவதற்குக் கற்றுத்தர வீட்டிலேயே ஆள் இருந்தார்கள். போட்டோ எப்படி எடுப்பது, விலை எப்படி வைப்பது, பார்சல் எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் என்னைப் போலவே விற்கிற மற்றவர்களிடம்தான் கேட்டுக் கற்றேன். அப்படிக் கேட்கிற இடங்களில் எது எதற்கு உதவுகிறது என்பதை ஒரே பொருளை வைத்துச் சொல்கிறேன்.

அந்தப் பொருள் மூடி போட்ட ஒரு பெரிய ஓலைப் பெட்டி. 30 செ.மீ. நீளம், 30 அகலம், 25 உயரம். நான் முடைந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் கடையில் போட்டு நாலு மாதமாகியும் ஒன்றுகூடப் போகவில்லை. அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று இடத்திலும் போய்க் கேட்டேன்.

பலதொழில் பெரிய குழு

முதலில், எல்லாக் கைவினைக்காரர்களும் இருக்கிற பெரிய வாட்ஸப் குழு. குரோஷே, டெரகோட்டா நகை, மெழுகுவத்தி, துணிப்பை என்று முந்நூறு பேருக்கு மேல். அங்கே நல்ல வழக்கம் ஒன்று உண்டு: உங்கள் கடையைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால், ஏற்கெனவே கேட்டிருக்கிற இரண்டு பேரின் கடையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் முறை சீக்கிரம் வரணும் என்ற அவசரத்தில் எல்லோரும் ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். என் பெட்டிக்கு வந்தவை: "சூப்பர் சிஸ்", "பின்னணியை வெள்ளையா மாத்துங்க", "ரீல்ஸ் போடுங்க, தானா விற்கும்". பத்து நிமிடத்தில் பதினேழு பதில். மனசுக்குத் தெம்பாக இருந்தது. பெட்டி விற்கவில்லை.

அதற்காக அந்தக் குழுவை நான் விடவில்லை. அங்கே எப்படிக் கேட்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட ஒரு வருடமானது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் வரும். ஒருநாள் பெட்டியின் முதல் போட்டோவை மட்டும் போட்டு, வேறு எதுவும் எழுதாமல், "இது என்ன, எவ்வளவு பெரிசு?" என்று மட்டும் கேட்டேன். பாதிப் பேர் நகைப்பெட்டி என்றார்கள், உள்ளங்கையில் அடங்கும் என்றார்கள்! ஒரு அடி அகலமுள்ள பெட்டியை நான் அப்படிப் படம் எடுத்து வைத்திருந்தேன். மறுநாளே பக்கத்தில் ஒரு முழுத் தேங்காயை வைத்து மறுபடி எடுத்தேன். முன்பின் தெரியாத கண்கள் இருபது ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது.

இதே குழுக்களில் நடக்கும் இரண்டு விஷயங்களில் மட்டும் சேராதீர்கள். ஒன்று, நீ என்னைப் பின்தொடர், நான் உன்னைப் பின்தொடர்கிறேன் என்பது. எண்ணிக்கை ஏறும், ஆனால் ஏறுகிற ஆயிரம் பேரும் விற்கிறவர்கள், வாங்குகிறவர்கள் இல்லை. எந்தப் படம் ஆர்டர் கொண்டுவந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. இன்னொன்று, பேசிவைத்துக்கொண்டு ஒருவர் கடைக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் போடுவது. எட்ஸி இதை விதியிலேயே தடுத்திருக்கிறது. விதி இல்லாவிட்டாலும், நம்பி வாங்குகிற ஒருத்தரை ஏமாற்றுகிற வேலை அது.

ஒரே தொழில்காரர்கள்

அடுத்து, என்னைப் போலவே ஓலை வேலை செய்கிறவர்கள். இது சின்னக் குழு, முப்பது பேர்கூட இல்லை. அதே பெட்டியை இங்கே காட்டியபோது பேச்சே வேறு மாதிரி இருந்தது. "முடைச்சல் நெருக்கமா இருக்கு, ஆனா மூலையில ஓலை முற்றலா இருக்கே, குருத்தோலை கிடைக்கலையா?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். போட்டோவைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். சாயம் காய்ச்சும்போது எவ்வளவு நேரம் கொதிக்க விடுவது, ஐப்பசி கார்த்திகை மழையில் ஓலையில் பூஞ்சை வராமல் எங்கே வைப்பது, இந்த வருடம் ஓலை வெட்ட ஆள் எங்கே கிடைப்பார் என்பதற்கெல்லாம் இவர்களை விட்டால் நாதி இல்லை. ஒரு கல்யாணத்துக்கு 300 தாம்பூலப் பெட்டி ஆர்டர் வந்தபோது, ஐந்து வீடாகப் பிரித்துக்கொண்டு முடைந்து கொடுத்தோம். தனியாக என்றால் அந்த ஆர்டருக்கு முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் விலைப் பேச்சு எடுத்தால் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். "நம்ம ஊர்ச் சந்தையில இது 150 ரூபாய்தானே" என்றார் ஒருவர். "விலையைப் பக்கத்தில் போடாதே, இன்பாக்ஸுக்கு வரச்சொல், இல்லாட்டி அடுத்தவங்க பத்து ரூபாய் குறைச்சுப் போடுவாங்க" என்றார் இன்னொருவர். அவர்கள் பயம் பொய்யில்லை. ஒரே பொருளை விற்கிறவர்களுக்குள் விலையை உடைக்கிற போட்டி உண்டுதான். ஆனால் அந்த யோசனையைக் கேட்டு விலையை மறைத்துவைத்த மாதங்களில் என்னிடம் விலை கேட்டு எழுதியவர்கள் குறைந்தார்கள். வாங்க நினைக்கிற ஒரு பெண் வேலைக்கு நடுவில் போனைப் பார்க்கிறாள். விலை தெரியவில்லை என்றால் அடுத்த படத்துக்குப் போய்விடுவாள். போட்டிக்காரருக்குப் பயந்து வாங்குகிறவரை விரட்டியிருக்கிறேன்.

இன்னொரு குறையும் உண்டு. அது யார்மேலும் தப்பில்லை. எங்களுக்கு எல்லாமே பழகிவிட்டது. அதனால் எதைக் கவனிக்காமல் விட்டோம் என்பதை மூன்றாவது இடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ஒற்றைத் துணை

பெரிய குழுவில் பழக்கமான ஓர் அக்கா மதுரையில் டெரகோட்டா நகை செய்து விற்கிறார். ஒருநாள் அவரே போன் பண்ணி, "நாம ரெண்டு பேரும் ஒருத்தர் கடையில ஒருத்தர் நிஜமாவே காசு கொடுத்து வாங்கிப் பார்ப்போமா? தெரிஞ்சவங்கன்னு எந்தச் சலுகையும் வேண்டாம், நட்சத்திரமும் போட வேண்டாம்" என்றார். சரி என்றேன். இந்த யோசனைதான் என் கடையை மாற்றியது.

அவர் அந்தப் பெரிய பெட்டியையே ஆர்டர் செய்தார். வந்து சேர்ந்த அன்று சாயந்திரம் கூப்பிட்டார். "பெட்டி அழகா இருக்கு. ஆனா கவரைப் பிரிச்சதும் ஒரு வாடை வருது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கு. அப்புறம், பெட்டி விலை 280, கூரியருக்கு அதைவிடக் கூட வாங்கியிருக்கீங்க. நான் தெரிஞ்சவளா இல்லாட்டி பாதியிலேயே போயிருப்பேன்."

வாடை என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். சாயம் போட்ட ஓலையை நன்றாகக் காயவிடாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டியிருந்தேன். உள்ளே ஈரம் புழுங்கியிருக்கிறது. எங்கள் முப்பது பேரில் ஒருத்தருக்கும் அந்த வாடை தெரியாது, ஏனென்றால் எங்கள் வீடே அந்த வாடைதான். இப்போது பெட்டியைக் கூடுதலாக இரண்டு வெயில் காயவைத்து, பிளாஸ்டிக்குக்குப் பதில் துணிப்பையில் போட்டு, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து அனுப்புகிறேன். நசுங்குவதும் நின்றது.

கூரியர் கணக்கை இரண்டு பேரும் சேர்ந்தே போட்டோம். பொருள் பெரிதாகவும் லேசாகவும் இருந்தால் கூரியர்காரர்கள் எடையைப் பார்ப்பதில்லை, கொள்ளளவைப் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி, வழக்கமாக 5000-ஆல் வகுப்பார்கள். என் பெட்டிக்கு 30, 30, 25 பெருக்கினால் 22,500. வகுத்தால் 4.5. அரைக் கிலோகூட இல்லாத பெட்டிக்கு நாலரைக் கிலோவுக்குக் காசு! அக்கா கேட்டார், "அந்த இடத்துக்குள்ளே இன்னும் ரெண்டு சின்னப் பெட்டி போகுமே, மூணையும் ஒரு செட்டா விற்றா என்ன?" பெட்டிக்குள் பெட்டி வைத்து மூன்றாக விற்கத் தொடங்கினேன். கூரியர் செலவு அதேதான், ஆனால் மூன்று பெட்டிக்குமாகப் பிரிகிறது. நாலு மாதம் போகாத பெட்டி செட்டாகப் போகிறது.

விலையும் இங்கேதான் தீர்ந்தது. என் நோட்டை எடுத்து அவரிடம் வாசித்துக் காட்டினேன். 280 ரூபாயில் ஓலைக்கும் சாயத்துக்கும் 45, பை, அட்டைக்கு 35. மீதி 200. முடைய ஐந்து மணி நேரம். அப்படியென்றால் மணிக்கு 40 ரூபாய். போனில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. முந்நூறு பேர் குழுவில் இந்தக் கணக்கை நான் திறந்திருக்கவே மாட்டேன். ஓலைக்காரர்களிடமும் முடியாது, அவர்கள் என் போட்டிக்காரர்களும்தானே. அவர் தொழில் வேறு, என் விலை தெரிவதால் அவருக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. அதனால்தான் உண்மையைப் பேச முடிந்தது.

நானும் அவருடைய ஜிமிக்கியை வாங்கினேன். அழகு. ஆனால் கடைப் பக்கத்தில் எடை எழுதவில்லை. மண் நகை என்றதும் "காது இழுக்குமா?" என்பதுதானே எல்லோருக்கும் வரும் முதல் சந்தேகம். ஒவ்வொரு ஜோடிக்கும் கிராம் எழுதச் சொன்னேன். கொக்கி எந்த உலோகம் என்பதையும் சேர்க்கச் சொன்னேன், ஏனென்றால் என் காது எல்லாக் கொக்கியையும் ஏற்காது. அதே கேள்வி இன்பாக்ஸில் வருவது நின்றுவிட்டது என்கிறார்.

துணை முறைக்கும் குறை இருக்கிறது. இரண்டே கண்கள். இருவருக்கும் தெரியாதது இருவருக்கும் தெரியாமலே போகும். எட்ஸி தேடலைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அதற்கு மட்டும் ஒருமுறை காசு கொடுத்து ஒரு ஆலோசகரிடம் கேட்டேன். எட்ஸியில் ஒரு பொருளுக்கு 13 தேடுசொற்கள் தரலாம், ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குள். நான் நாலுதான் தந்திருந்தேன். ஒரே பெட்டியை ஐந்து நிறத்துக்கு ஐந்து பட்டியலாக, அதாவது ஐந்து தனி விற்பனைப் பக்கமாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு மாதத்துக்கு ஒருமுறை 20 அமெரிக்க சென்ட் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரே பட்டியலில் நிறத்தை மட்டும் மாற்றிக் காட்டலாம் என்று அவர்தான் சொன்னார். அவ்வளவு வரை நல்ல உதவி. பெட்டியை அவர் கையில் எடுத்துப் பார்க்கவே இல்லை, அதனால் அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்கவும் முடியாது.

ஜிஎஸ்டியை மட்டும் இந்த எந்த இடத்திலும் கேட்காதீர்கள். இணையச் சந்தை வழியாகப் பொருள் விற்கும் சின்ன வியாபாரிகளுக்கு 1-10-2023 முதல் ஒரு தளர்வு வந்தது. மாநிலத்துக்குள் மட்டும் விற்று, வருட வரவும் வரம்புக்குள் இருந்தால் பதிவு இல்லாமல் விற்கலாம் என்பது அது. குழுவில் அது "ஆன்லைனில் விற்க ஜிஎஸ்டியே வேண்டாம்" என்று சுருங்கிப் பரவியது. வெளிமாநிலத்துக்கு அனுப்புகிறவர்களும் அதை நம்பினார்கள். அரை மணி நேரம் ஒரு ஆடிட்டரிடம் உட்காருங்கள்.

ஆக, படத்துக்குப் பெரிய குழு, ஓலைக்கும் சாயத்துக்கும் ஒரே தொழில்காரர்கள். விலை, பார்சல், விவரம் இவற்றுக்கு ஒற்றைத் துணை. ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் தயங்காமல் துணையைத்தான் எடுப்பேன்.

அப்படி ஒருவரைத் தேடுகிறவர்கள், பெரிய குழுவிலேயே உங்கள் படத்துக்கு "சூப்பர்" போடாமல் ஏதாவது கேள்வி கேட்டவர் யார் என்று பாருங்கள். அவர் வேறு தொழிலாக இருக்க வேண்டும், வேறு ஊராகவும் இருந்தால் பார்சல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதும் தெரியும். முதல் மாதம் ஆளுக்கு ஒரு பொருள், முழு விலைக்கு. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நானும் அக்காவும் இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறோம். அடுத்த முறை அவர் வாங்கப்போவது மழைக்காலத்தில் அனுப்பும் பெட்டி.