மூடாத கண்ணோடு சுங்கை சிப்புட்டில் மூன்று வாரம்

போன வருடம் மெல்பர்னில் எனக்கு அக்கூஸ்டிக் நியூரோமா, அதாவது காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வரும் கட்டிக்கு, ஆபரேஷன் நடந்தது. புற்று இல்லை. ஆனால் முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியேதான் ஓடுகிறது. அறுபடவில்லை, அடிபட்டுவிட்டது. இடது பக்க முகம் துவண்டது, கண் மூடுவதில்லை. நரம்பு துளிர்த்தாலும் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் என்றார்கள்.

வாய் கோணுவதைவிடக் கண்தான் பெரிய கவலை. இமை மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். மலேசியாவில், சுங்கை சிப்புட் அத்தை வீட்டுக்கு வந்த முதல் இராத்திரியே அதை உணர்ந்தேன். தலைமாட்டில் காத்தாடி சுற்ற, விடியும்போது கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தல்.

காலையில் அரசாங்க கிளினிக்குப் போனேன். மலேசிய அடையாள அட்டை இருந்ததால் ஒரு ரிங்கிட்தான். வரிசை நீளம். பார்த்த பெண் டாக்டர் புருவத்தைத் தூக்கச் சொன்னார். பக்கவாதத்தில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், எனக்குச் சுருங்காது. வாதம் என்று பயந்திருந்த அத்தைக்கு அவர் தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். ஈப்போ ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குக் கடிதமும் தந்தார். அங்கே ஆரஞ்சுச் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். கருவிழியின் கீழ்ப்பக்கம் சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள். நல்லவேளை, புண் இல்லை.

செயற்கைக் கண்ணீர் நம் ஊர் ஃபார்மசியிலும் கிடைக்கிறது. ஆனால் நாளுக்கு ஏழெட்டுத் தடவை விடுகிறவர்களுக்குப் பதப்பொருள் கலக்காத ஒற்றைக் குப்பிதான் நல்லது. அதற்கு ஈப்போ வரை போகவேண்டியிருந்தது. என்னைப்போல் இங்கே வருகிறவர்கள் கையோடு கொண்டுவாருங்கள், ஆபரேஷன் ரிப்போர்ட்டையும் சேர்த்து.

ஒரு தனியார் பிசியோ நிலையத்தில் ரிப்போர்ட்டைப் பார்க்காமலே முகத் தசைக்குக் கரண்ட் வைக்கலாம் என்றார்கள். என் தெரபிஸ்ட் அதை வேண்டாமென்று சொல்லியிருந்தார். நரம்பு திரும்ப வளரும்போது தப்பான தசைகளோடு இணைந்து, சிரித்தால் கண்ணும் சுருங்கும் நிலை வரலாம், முரட்டுப் பயிற்சியே கூடாது என்பார். மறுத்துவிட்டு வந்தேன். கண்ணாடி முன் மெதுவாகச் செய்யும் பயிற்சியே போதும் எனக்கு.

அத்தை இப்போது காத்தாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுகிறார். களிம்பு போட்டதும் இமையை விரல்நுனியால் கீழே இறக்கி, டேப்பை ஓரமாக ஒட்டி, "சரியா ஒட்டியிருக்கா சாமி?" என்று ஒவ்வொரு இராத்திரியும் கேட்கிறார்.