தின்கிற பாவும் இல்லை, குடிக்கிற காப்பியும் இல்லை: சந்தைத் தகவலோடு எட்டு வருடம்

2023 ஜூலை 20. மும்பையின் டோம்பிவிலி ஃபாஸ்ட் லோக்கல் ரயில் தாதரை நெருங்கும்போது காலை பத்து மணி தாண்டியிருந்தது. போனில் எச்சரிக்கை: ரிலையன்ஸ் ஒன்பது சதவீதத்துக்கு மேல் சரிவு. எட்டு சதவீதம் இறங்கினால் யோசிக்காமல் விற்றுவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். விரல் விற்கும் பொத்தான்வரை போய்விட்டது. தாதரில் இறங்குகிற கூட்டம் என்னையும் சேர்த்து வாசல் பக்கம் இழுத்ததில் போனைச் சட்டைப்பையில் போட வேண்டியதாயிற்று. மறுபடி எடுத்தபோது பைகுல்லா வந்துவிட்டது. அதற்குள் மூளையும் கொஞ்சம் வேலை செய்தது.

அன்று ரிலையன்ஸ் விழவே இல்லை. அதன் நிதிப் பிரிவான ஜியோ ஃபைனான்சியல் அதிலிருந்து தனி நிறுவனமாகப் பிரிந்த நாள் அது. முந்தின நாள் முடிவு விலை 2,841.85 ரூபாய். காலை பத்து மணிவரை நடந்த சிறப்பு முன்-அமர்வில், பிரிந்தபின் மீதமிருக்கும் ரிலையன்ஸுக்குக் கிடைத்த விலை 2,580. இடையில் இருக்கும் 261.85 ரூபாய்தான் ஜியோ ஃபைனான்சியல் பங்கின் மதிப்பு. என் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. இது நடக்கப்போகிறது என்று ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருந்தவன்தான் நான். ஆனாலும் சிவப்பு எண்ணைப் பார்த்தவுடன் எல்லாம் மறந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இரண்டு செயலிகளில் ரிலையன்ஸின் சார்ட்டை, அதாவது விலை வரைபடத்தை, திறந்தேன். ஒன்றில் செங்குத்தாகப் பள்ளம். மற்றதில் பள்ளமே இல்லை, பழைய விலைகளை எல்லாம் விகிதப்படி குறைத்து ஒட்டவைத்திருந்தார்கள். இரண்டும் தப்பில்லை. ஆனால் தாங்கள் எந்த வகை என்று இரண்டுமே ஒரு வரி சொல்லவில்லை. விதவிதமான தளங்கள், வகுப்புகள், பாடங்கள் என்று இத்தனை வருடம் சுற்றிய எனக்கு இன்றைக்கு இருக்கிற ஒரே அளவுகோல் இதுதான். காட்டுகிற எண் எப்படி வந்தது என்று சொல்கிறவர்களிடம் முதலில் போவேன். அழகாகக் காட்டுகிறவர்களிடம் அப்புறம் போகலாம்.

என் பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறேன். தலால் தெரு நடந்துபோகும் தூரம். அங்கே இருக்கிற பிஎஸ்இ, அதாவது பம்பாய் பங்குச் சந்தைக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே வடா பாவ் தின்றால் சந்தை புரிந்துவிடும் என்று நினைத்த காலமும் உண்டு. பங்குகளை வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்கு தொடங்கியது 2017-இல். அடுத்த வருடமே அந்தேரியில் ஒரு ஹோட்டல் அரங்கில் இரண்டு நாள் வகுப்புக்கு 18,000 ரூபாய் கட்டினேன். சாப்பாடு நன்றாக இருந்தது. பாடம் நடத்தியவர் திரையில் பழைய சார்ட்டைப் போட்டு, "இங்கே வாங்கணும், இங்கே விற்கணும்" என்று அம்புக்குறி வரைந்தார். ஏற்கெனவே ஏறி முடித்த பங்குக்கு அம்பு போட எனக்கும் வரும். அவர் காட்டிய நாற்பது சார்ட்டில் ஒன்றுகூடத் தோற்கவில்லை என்பது ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் எனக்கு உறைத்தது. அதற்குள் 45,000 ரூபாய் 'அட்வான்ஸ்டு' வகுப்புக்கான படிவம் மேசை மேசையாக வந்துவிட்டது. அதை நிரப்பவில்லை என்பதில் இன்றைக்கும் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

இரண்டாவது தண்டச் செலவு, டெலிகிராமில் பார்த்து வாங்கிய 'லைவ் ஃபீட்'. சார்ட் மென்பொருளில் நேரடி விலை ஓடும், மாதம் 500 ரூபாய் என்றார்கள். மூன்று மாதம் ஓடியது. நாலாவது மாதம் ஒருநாள் நிஃப்டி (ஐம்பது பெரிய பங்குகளின் குறியீடு) மதியம் இரண்டே கால் மணியோடு அப்படியே நின்றுவிட்டது. சந்தைதான் அசையவில்லை போல என்று இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்! குழுவையே கலைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பங்குச் சந்தை விலையை நேரடியாக விற்க தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ-யிடம் உரிமம் வாங்க வேண்டும், அப்படி வாங்கியவர்களின் பட்டியல் என்எஸ்இ தளத்திலேயே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. வாங்குகிறவர்கள் முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். அதில் பெயர் இல்லையென்றால் ஃபீட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

என்னை மாற்றியவர் ஓர் அண்ணாச்சி. சயான் கோலிவாடாவில் எங்கள் பழைய வீட்டுக்கு எதிர்வீடு, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒரு புரோக்கர் அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தா. பிஎஸ்இ-யில் 1995-இல் கணினி வருவதற்கு முன்பு 'ரிங்' என்ற வியாபாரக் கூடத்தில் தொண்டை கிழியக் கத்தி வியாபாரம் நடந்ததைப் பார்த்தவர். ஒருநாள் என் போனை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, இந்த விலைய யாரு சொன்னா?"

"ஆப்ல இருக்கு அண்ணாச்சி."

"சரி, ஆப்புக்கு யாரு சொன்னா?"

எனக்குப் பதில் இல்லை. "பாவ்காப்பி பாக்க மாட்டியா நீ?" என்றார், பல் தேய்க்க மாட்டாயா என்று கேட்பதுபோல.

இது தின்கிற பாவும் இல்லை, குடிக்கிற காப்பியும் இல்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் தக்காளிக்குக் கேட்கிறோமே 'பாவ்', அந்த விலைதான்; காப்பி என்பது நகல். அன்றன்றைக்கு வியாபாரமான ஒவ்வொரு பங்குக்கும் தொடக்க விலை, அதிகபட்சம், குறைந்தபட்சம், முடிவு விலை, கைமாறிய எண்ணிக்கை எல்லாவற்றையும் சந்தையே ஒரு கோப்பாக மாலையில் வெளியிடுகிறது. என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டும் தருகின்றன. காசு கிடையாது. அன்றே திருப்பி விற்காமல் டெலிவரியாக எத்தனை பங்கு போனது என்ற கணக்கோடும் ஒரு கோப்பு உண்டு. 2019-இலிருந்து தினமும் அதை எக்செல்லில் இறக்கி வைக்கிறேன். சார்ட்டை விட்டுவிடவில்லை, ஆனால் சண்டை வந்தால் பஞ்சாயத்து பாவ்காப்பியில்தான்.

சண்டை வரத்தான் செய்யும். உதாரணத்துக்கு முடிவு விலை. மூன்றரை மணிக்கு நடந்த கடைசி வியாபாரத்தின் விலைதான் முடிவு விலை என்று இரண்டு வருடம் நினைத்திருந்தேன். இல்லை. நான் கற்றுக்கொண்ட காலத்தில் என்எஸ்இ-யில் மூன்று மணியிலிருந்து மூன்றரைவரை நடந்த வியாபாரங்களின், கைமாறிய எண்ணிக்கைப்படி எடையிட்ட சராசரியே முடிவு விலை. பாவ்காப்பியில் 'முடிவு' ஒரு கட்டத்திலும், 'கடைசி' இன்னொரு கட்டத்திலும் தனித்தனியாக இருக்கும். சில செயலிகள் ஒன்றை எடுக்கின்றன, சில மற்றதை. கடைசி ஐந்து நிமிடத்தில் துள்ளுகிற சிறிய பங்குகளில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் வரும். ஒரு சராசரிக் கோட்டை விலை கடந்ததா இல்லையா என்று பார்த்து வாங்குகிறவனுக்கு இது வெறும் பைசாக் கணக்கு இல்லை, வாங்குவதா வேண்டாமா என்பதே மாறிவிடும்.

ஒரு நிமிட சார்ட்டில் இது இன்னும் மோசம். சில்லறை முதலீட்டாளர்களுக்கு வருகிற ஃபீட் பெரும்பாலும் நடக்கிற ஒவ்வொரு வியாபாரத்தையும் சுமந்து வருவதில்லை, அவ்வப்போது எடுத்த படங்கள்தான். இரண்டு படங்களுக்கு நடுவில் தொட்டுவிட்டுப் போன உச்சம் ஒரு செயலியில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. "உங்க சார்ட்ல விலை என் ஸ்டாப் லாஸைத் தொடவே இல்லையே, எப்படி வித்தீங்க?" என்று (நட்டம் பெருகாமல் தானாக விற்க நாம் குறித்து வைக்கிற விலைதான் ஸ்டாப் லாஸ்) புரோக்கரின் வாடிக்கையாளர் சேவையில் அரைமணி நேரம் சண்டை போட்டவன் நான். அந்தப் பெண் பொறுமைசாலி.

பாவ்காப்பியிலும் முள் உண்டு. அது அன்றைய விலையை அப்படியே சொல்லும், பழையதைத் திருத்தாது. 2021 அக்டோபரில் ஐஆர்சிடிசி பங்கு ஒன்று ஐந்தாகப் பிரிந்தபோது என் எக்செல் அதை எண்பது சதவீத வீழ்ச்சி என்று சொல்லிச் சிவப்பாக நின்றது. பிரிப்பு, போனஸ், நிறுவனப் பிரிவினை எல்லாவற்றையும் சந்தையின் அறிவிப்புப் பக்கத்திலிருந்து எடுத்து நாமே திருத்த வேண்டும். 2024 ஜூலையில் கோப்பின் வடிவமே மாறியது, கட்டங்களின் பெயர்கள் எல்லாம் வேறு. முன்கூட்டியே சுற்றறிக்கை வந்திருந்தது, படிக்காதது நான். மேக்ரோவைத் திரும்ப எழுத ஒரு ஞாயிறு போயிற்று, மனைவியின் முகமும் அன்று பார்க்கும்படி இல்லை.

பேக்டெஸ்ட், அதாவது ஓர் உத்தியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பது, செய்கிறவர்களுக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். 2020 இறுதியில், நிஃப்டி ஐம்பதில் 'விழும்போது வாங்கு' என்று ஓர் உத்தியைப் பத்து வருடத் தகவலில் ஓட்டிப் பார்த்தேன். முடிவு அற்புதம். வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் கவனித்தேன், அன்றைய தேதியின் ஐம்பது பெயர்களை வைத்துப் பத்து வருடம் பின்னால் போயிருந்தேன். அந்தப் பட்டியலில் யெஸ் பேங்க் இல்லை, 2020 மார்ச்சில் நிஃப்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2018-இல் நானூறு ரூபாயை ஒட்டி இருந்த பங்கு அது. விழும்போதெல்லாம் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிழைத்தவர்களை மட்டும் கூப்பிட்டு விசாரித்தால் விபத்தே நடக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். அந்தந்த வருடத்துப் பட்டியலைத் தேடிச் சேர்த்து மறுபடி ஓட்டியபோது ஆதாயத்தில் பாதிக்கு மேல் காணோம். வேலையை விடவில்லை.

நிறுவனக் கணக்குகளுக்கு ஸ்க்ரீனர் தளம் ஏழு வருடமாகப் பழக்கம். லாப நட்டம், இருப்புநிலை, பணப்புழக்கம் எல்லாம் பத்து வருடத்துக்கு ஒரே பக்கத்தில், இலவசக் கணக்கிலேயே எனக்குப் போதும். கணக்கு எழுதுகிறவன் என்பதால் லாபத்துக்கும் உள்ளே வந்த பணத்துக்கும் பொருந்துகிறதா என்று முதலில் பார்ப்பேன். தனிக்கணக்கா, துணை நிறுவனங்களைச் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கா என்று மேலே பார்த்துக்கொள்ளுங்கள். 2025-இல் பிரிவதற்கு முன்பு டாடா மோட்டார்ஸைத் தனிக்கணக்கில் மட்டும் பார்த்துவிட்டு ஒரு நண்பரிடம் நீளமாகப் பேசினேன். ஜாகுவார் லேண்ட் ரோவர் முழுவதும் அந்தப் பக்கத்தில் இல்லை என்று அவர்தான் சொன்னார். காசு போடுவதற்கு முன்னால் எப்போதும் நிறுவனம் சந்தைக்குத் தாக்கல் செய்த மூல பிடிஎஃப்பைத் திறப்பேன், குறிப்புகள் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கற்றுக்கொள்ள இலவசமாகக் கிடைத்தது, காசு கொடுத்ததை விட உருப்படியாக இருந்தது. சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி நிறுவிய என்ஐஎஸ்எம் பயிற்சி நிறுவனத்தின் டெரிவேட்டிவ் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் போன்ற ஒப்பந்தங்கள்) பாடநூலை 2019-இல் படித்துத் தேர்வும் எழுதினேன். நூறு கேள்வி, தேர்ச்சிக்கு அறுபது, தப்பாக எழுதினால் கால் மதிப்பெண் போகும். நடை வறட்டு நடைதான், ரயிலில் படித்தால் முலுண்டுக்குள் தூக்கம் வந்துவிடும். ஆனால் மார்ஜின் (கட்ட வேண்டிய முன்பணம்), செட்டில்மென்ட் (கணக்குத் தீர்ப்பது) எப்படி நடக்கிறது என்பதை யாரும் விற்கிற நோக்கம் இல்லாமல் எனக்குச் சொன்னது அந்தப் புத்தகம்தான். வெறும் அடிப்படை போதும் என்றால் செபியின் முதலீட்டாளர் சான்றிதழ்த் தேர்வு இலவசம். ஜெரோதா புரோக்கர் நிறுவனத்தின் இலவசப் பாடத் தளமான வார்சிட்டியில் ஆப்ஷன் பகுதியை இரண்டு தரம் படித்தேன், நல்ல ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் இருக்கும். சார்ட்டில் வருகிற மெழுகுவர்த்தி வடிவங்கள் பற்றிய பகுதி எனக்கு ஒட்டவில்லை, அது என் குறையாகவும் இருக்கலாம்.

தமிழ் யூடியூப் வீடியோக்களை நான் ஒதுக்குவதில்லை. ஊரில் தம்பிக்கு அனுப்ப அதுதான் வசதி. ஆனால் முதலில் தேதியைப் பார்க்கிறேன். நிஃப்டி லாட் அளவு (ஓர் ஒப்பந்தத்தில் அடங்கும் எண்ணிக்கை) 2024-இல் மட்டும் ஐம்பதிலிருந்து இருபத்தைந்து, அப்புறம் எழுபத்தைந்து என்று மாறியது. நிஃப்டி ஒப்பந்தங்கள் முடிகிற நாளான வியாழக்கிழமை எக்ஸ்பைரி 2025 செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்குப் போனது. 2024 ஜூலை 23-இலிருந்து பங்குகளில் குறுகிய கால ஆதாய வரி இருபது சதவீதம். அன்றே வாங்கி விற்கிற இன்ட்ராடேக்கு இருபது மடங்கு கடன் கிடைத்த காலத்து உத்தியை இன்றைக்கும் ஒருவர் கணீரென்ற குரலில் நடத்திக்கொண்டிருக்கிறார், பாவம், வீடியோவுக்கு வயதாவது அவருக்குத் தெரியவில்லை.

பங்கு பெயர் சொல்லி வாங்கு, விற்றுவிடு என்கிறவரிடம் பதிவு எண் கேட்கிறேன். ஆய்வாளர் என்றால் ஐஎன்எச், ஆலோசகர் என்றால் ஐஎன்ஏ என்று தொடங்கும், செபி தளத்தில் சரிபார்க்கலாம். "நான் பாடம் மட்டும்தான் நடத்துகிறேன்" என்பவருக்கும் 2025 ஜனவரி சுற்றறிக்கை ஒரு கோடு போட்டது: கடந்த மூன்று மாத விலையை வைத்துப் பாடம் நடத்தக்கூடாது. அந்தேரி அரங்கில் நான் உட்கார்ந்திருந்தபோது இது இல்லாமல் போயிற்று.

என் கணக்கையும் மறைக்கவில்லை. 2021-22-இல் ஆப்ஷனில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் போயிற்று. அந்த வருடம் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 89 சதவீதம் பேர் நட்டம் என்று 2023-இல் செபி அறிக்கை வந்தபோது அதை அண்ணாச்சிக்குப் படித்துக் காட்டினேன். "நீயும் அதுக்குள்ள இருக்கியா?" என்று மட்டும் கேட்டார். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளுக்கு அடுத்த அறிக்கை 93 சதவீதம் என்றது, 2021-22 அதிலும் சேர்ந்ததால் அங்கேயும் நான் உண்டு. அந்த அறிக்கை வருவதற்கு முன்பே ஆப்ஷனை நிறுத்திவிட்டேன்.

இப்போது நான் காசு கொடுப்பது அங்கீகாரம் உள்ள ஒரு விற்பனையாளரின் நாள்முடிவுத் தகவலுக்கு மட்டும். பிரிப்பு, போனஸ் எல்லாம் திருத்தி, எப்படித் திருத்தினோம் என்று குறிப்பும் போடுகிறார்கள். ஆப்ஷனுக்கான பழைய நிமிடத் தகவலையும் விசாரித்தேன், விலை கேட்டதோடு சரி. மற்றபடி மாலை வண்டியில் இடம் கிடைத்தால் தானேக்குள் பாவ்காப்பி இறங்கிவிடும். வழியில் சிக்னல் போனால் டோம்பிவிலியில் இறங்கி, நடைமேடையிலேயே நின்று இறக்கிக்கொள்கிறேன்.