"கட்டியை உறைய வைத்தார்களா?": ஒரு செகண்ட் ஒப்பீனியன் சேவை பற்றி

தம்பிக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா, அதாவது வேகமாக வளரும் ஒரு வகைப் புற்றுக்கட்டி. அறுவை முடிந்து, ஆறு வாரம் ரேடியேஷனும் கூடவே டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரையும் முடிந்த பிறகுதான் மூளைக் கட்டிக்குத் தடுப்பூசி என்று ஒன்று இருப்பதே என் கண்ணில் பட்டது. அன்றோடு தூக்கம் போயிற்று. நிபுணர்களிடம் வீடியோவில் செகண்ட் ஒப்பீனியன் வாங்கித் தரும் ஒரு சேவையில் பணம் கட்டிப் பதிவு செய்தேன். அந்த அனுபவம்தான் இது. பெயர் போடவில்லை. இதே போன்ற சேவைகள் நிறைய இருக்கின்றன, எதை எடுத்தாலும் கவனிக்க வேண்டியவை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பதிவுப் படிவம் நீளம். பயாப்ஸி அறிக்கை, அறுவைக் குறிப்பு, முதலிலிருந்து எடுத்த எம்ஆர்ஐ சிடிகள் எல்லாம், இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எத்தனை மில்லிகிராம் என்பது வரை கேட்டார்கள். இரண்டு சாயங்காலம் அதிலேயே போயிற்று, எரிச்சலாகவும் இருந்தது. மறுநாளே அங்கிருந்து ஒரு பெண் அழைத்து, "மேடம், இரண்டாவது சிடியில் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுத்த படங்கள் ஏறவில்லை, ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்கி அனுப்புங்கள்" என்றார். அப்போதுதான் எரிச்சல் அடங்கியது. நான் அனுப்பியதை யாரோ உட்கார்ந்து திறந்து பார்த்திருக்கிறார்கள்.

அதற்கு முந்தின வாரம், தடுப்பூசி போடுவதாக விளம்பரம் செய்யும் ஒரு தனியார் கிளினிக்குக்கும் எழுதியிருந்தேன். அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: உடனே புறப்பட்டு வாருங்கள், ஊசி தயாரித்துவிடலாம். பயாப்ஸி அறிக்கையைக்கூடக் கேட்கவில்லை. இப்படி உடனடியாக வரும் நல்வார்த்தையை நம்பி ஓடிப் போய்விடாதீர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் சொல்லத் தோன்றுகிறது. நானே பெட்டி கட்டும் நிலையில்தான் இருந்தேன்.

டாக்டரிடம் பேச ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த நோய்க்காரர் வீட்டில் ஒன்பது நாள் என்பது சின்ன விஷயமில்லை. அவசரம் என்று குறிக்க ஒரு வழி வைத்திருக்கலாம்.

சரி, அழைப்புக்கு வருகிறேன். 50 நிமிடம் பேசினார். எடுத்த எடுப்பில் கேட்டது, "அறுவை அன்று கட்டியிலிருந்து ஒரு துண்டை உறைய வைத்தார்களா?" என்பதுதான். எனக்குக் கேள்வியே புரியவில்லை.

பொறுமையாக விளக்கினார். இந்தத் தடுப்பூசி நோய் வராமல் தடுப்பதற்கு அல்ல. வந்துவிட்ட நோயை உடம்பின் எதிர்ப்புப் படைக்கு அடையாளம் காட்டுவதற்கு. ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கையில் திரும்ப ஏற்றுவார்கள். அந்த அணுக்களை ஆய்வகத்தில் சில நாள் வளர்த்து, எதிரியை மற்ற அணுக்களுக்கு அடையாளம் காட்டும் டென்ட்ரிடிக் செல்களாக மாற்றி, நோயாளியின் சொந்தக் கட்டியை அரைத்து எடுத்த சாற்றை அவற்றுக்கு ஊட்டுவார்கள். "இவன்தான் எதிரி" என்று படம் பார்த்துக்கொண்ட அந்தச் செல்களைத்தான் கையின் தோலுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். சாறு எடுக்க, உயிரோடு இருந்தபடியே உறைந்த கட்டி வேண்டும். பயாப்ஸிக்காக ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்த துண்டு உதவாது.

அந்த மெழுகுத் துண்டை நான் கையில் வாங்கியிருக்கிறேன். தபால்தலை அளவு பிளாஸ்டிக் சட்டம், நடுவில் வெளுத்த ஒரு பொட்டு. தம்பியின் கட்டியில் எங்களிடம் மிஞ்சியது அவ்வளவுதான். நோயைப் பெயரிடவும் மரபணுச் சோதனைக்கும் அது போதும், ஊசிக்குப் போதாது. அறுவைக்கு முன்னால் இதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கணக்கையும் ஒளிக்காமல் சொன்னார். இந்த வகை ஊசியின் பெரிய ஆய்வு 331 பேரை வைத்து நடந்து, 2022 நவம்பரில் வெளியானது. புதிதாக நோய் கண்டவர்களில் பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 19.3 மாதம், ஒப்பிடப்பட்டவர்களுக்கு 16.5 மாதம். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 13 சதவீதம், எதிர்ப்பக்கம் 5.7. ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று அவரே நிறுத்திச் சொன்னார். ஒப்பிடுவதற்காகப் போலி ஊசி போடப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி திரும்பியதும் உண்மையான ஊசியே போடப்பட்டுவிட்டது. அதனால் வேறு ஆய்வுகளில் இருந்த நோயாளிகளோடுதான் ஒப்பிட்டிருக்கிறார்கள். நம்பிக்கைக்கு இடம் உண்டு, தீர்ப்பு எழுதியாகவில்லை என்றார்.

நான் விடவில்லை. கட்டித் துண்டே தேவைப்படாத ரெடிமேட் ஊசிகள் இருக்கின்றனவே என்றேன். ரிண்டோபெபிமட் கதையைச் சொன்னார். சிலருடைய கட்டியில் மட்டும் இருக்கும் ஒரே ஒரு புரதத்தைக் குறிவைத்த ஊசி. 745 பேரைச் சேர்த்த ஆய்வு 2016-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய 20 மாதம், வித்தியாசமே இல்லை. திரும்பி வந்த கட்டிகள் பலவற்றில் அந்தப் புரதத்தையே காணோம், ஊசி போடாதவர்களிடமும் அப்படித்தான். நுரையீரல், தோல் புற்றுநோய்களில் பேர் வாங்கிய, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் நிவோலுமாப் மருந்துகூட, திரும்பி வந்த கிளியோபிளாஸ்டோமாவில் பழைய மருந்தைவிட ஆயுளைக் கூட்டவில்லை. 2024-இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் நான்கே நோயாளிகளுக்குப் போட்ட எம்ஆர்என்ஏ ஊசியைப் பற்றியும் கேட்டேன். எதிர்ப்புச் சக்தி இரண்டே நாளில் விழித்துக்கொண்டது உண்மை, ஆனால் நான்கு பேரை வைத்து ஆயுளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றார். அதற்கும் நோயாளியின் சொந்தக் கட்டிதான் மூலப்பொருள்!

அப்புறம் யாரும் எங்களிடம் பேசாத ஒரு விஷயம். தம்பி அப்போது தினமும் 8 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் எடுத்துக்கொண்டிருந்தான். வீக்கத்தை அடக்கும் அதே ஸ்டீராய்டு, ஊசி எழுப்ப வேண்டிய அணுக்களையும் அடக்கிவிடுமாம். பல ஆய்வுகளில் அளவு கூடுதலாக இருந்தாலே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். "நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், ஆபத்து. எவ்வளவு குறைந்த அளவில் சமாளிக்கலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்" என்று இரண்டு தடவை சொன்னார்.

அதுவரை பேசாமல் இருந்த தம்பி கடைசியில் கேட்டான்: "அந்தத் துண்டை உறைய வைத்திருந்தால் எனக்கு என்ன மாறியிருக்கும், டாக்டர்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, "தனி ஒருவருக்கு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. நூற்றுக்குப் பதின்மூன்று பேர் என்று சொன்னேன் இல்லையா, மீதி எண்பத்தேழு பேரும் அதே ஊசியைத்தான் போட்டுக்கொண்டார்கள்" என்றார். தம்பி தலையாட்டினான். இரவு என்னிடம், "இவர் ஒருத்தர்தான் அக்கா என்னிடம் பேசினார், மற்ற எல்லாரும் உன்னிடம்தான் பேசுகிறார்கள்" என்றான். கட்டிய பணம் இதற்கே தகும்.

எழுத்து அறிக்கை நான்கு நாள் கழித்து வந்தது. பதினொரு பக்கமும் மருத்துவர் மருத்துவருக்கு எழுதும் பாஷை. வீட்டார் படிக்க ஒரு பக்கமாவது சேர்த்திருக்கலாம். அழைப்பில் நான் நோட்டில் கிறுக்கியதுதான் எங்களுக்கு உதவியது. சந்தேகம் வந்தால் மெயிலில் ஒரே ஒரு கேள்விதான் அனுமதி, அதுவும் கஞ்சத்தனம். காத்திருப்புக்கும் இதற்கும் சேர்த்து ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்: ஐந்துக்கு நான்கு.

ஸ்கேனில் புதிதாகத் தெரிந்த வெள்ளை வளையம் ரேடியேஷனின் பாதிப்பாகவும் இருக்கலாம், அடுத்த ஸ்கேன் வரை பொறுங்கள் என்று அந்த டாக்டர் சொல்லியிருந்தார். பொறுத்தோம். வளையம் பெரிதாகியிருந்தது. இரண்டாவது அறுவை என்று முடிவானது. இந்த முறை தேதி குறிப்பதற்கு முன்பே, திரும்பி வந்த கட்டிக்காரர்களைச் சேர்க்கும் ஒரு ஆய்வுக் குழுவிடம் பேசிவிட்டேன். எந்த ஃப்ரீஸரிலாவது வைத்தால் ஆகாது, அவர்களுடைய டப்பாவிலேயே அவர்கள் சொன்ன முறையில்தான் எடுக்க வேண்டும் என்பதும் டாக்டரோடு பேசிய அந்த வீடியோ அழைப்பில் தெரிந்துகொண்டதுதான். டப்பா அறுவைக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. தியேட்டர் நர்ஸ் மேலே ஒட்டியிருந்த குறிப்பை என் முன்னாலேயே வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டு உள்ளே எடுத்துப் போனார்.

வருகிற வாரம் தம்பிக்கு வெள்ளை அணுக்கள் எடுக்கிறார்கள். சில மணி நேரம் கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும் என்றதும், "புத்தகம் எடுத்து வா அக்கா, நீதான் படித்துக் காட்ட வேண்டும்" என்றான்.