தகட்டுக் கீற்றில் பட்ட அலை: எந்தக் கணக்கு எதற்கு?

திருகோணமலை மீன்பிடிப் படகு ஒன்றில் 25 சென்ரிமீற்றர் அகல உலோகக் கீற்று செங்குத்தாக நிற்கிறது என்று வையுங்கள். கடல் ரேடியோவின் 16ஆம் சனல் 156.8 மெகாஹேட்ஸ், அலைநீளம் ஏறக்குறைய 1.9 மீற்றர். அந்த அலைக்கு இது தடித்த கம்பி, அவ்வளவுதான். 2.4 கிகாஹேட்ஸ் வைஃபைக்கு அலைநீளம் 12.5 சென்ரிமீற்றர், அதே கீற்று இப்போது இரண்டு அலைநீள அகலம். கோணலை, அதாவது தகட்டில் பட்ட அலை விளிம்புகளில் வளைந்து சிதறுவதைக் கணிக்க எந்த முறை என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடும்.

பௌதிக ஒளியியல் முறை, அலை படும் பக்கத்தில் மட்டும், அதுவும் எல்லையற்ற தளத்தில் ஓடுவதுபோல மின்னோட்டம் ஓடுகிறது என்று கொள்ளும். வைஃபைக்குப் பிரதான தெறிப்புத் திசையில் மோசமில்லை. கடல் ரேடியோவுக்கு உதவாது. நேரே வரும் அலையின் மின்புலம் கீற்றின் நீளவாக்கில் இருந்தாலும் குறுக்கே இருந்தாலும் பின்தெறிப்பு ஒன்றே என்று சாதிக்கும். உண்மையில் ஒடுங்கிய கீற்று முதலாவதைப் பலமாகச் சிதறடிக்கும். இரண்டாவதை அநேகமாகக் கண்டுகொள்ளாது.

இரண்டாவது, கணிதவியலாளர் கெல்லரின் 1962ஆம் ஆண்டுக் கோணல் கொள்கை. அது ஒவ்வொரு விளிம்பையும் தனி அரைத்தளமாக, அதாவது ஒரே விளிம்புள்ள முடிவற்ற தகடாகப் பார்க்கிறது. அரைத்தளத்துக்குச் சரியான தீர்வைச் சொமர்ஃபெல்ட் 1896இலேயே தந்துவிட்டார். ஆனால் தகட்டின் நிழல் தொடங்கும் எல்லையில் கெல்லரின் விடை முடிவிலிக்கு ஓடும். குயூம்ஜியனும் பதக்கும் 1974இல் அதைச் சரிசெய்தார்கள். அகலமான கீற்றுக்கு இதைவிட மலிவான நல்ல வழி எனக்குத் தெரியாது.

மூன்றாவது, மின்னோட்டத்தையே தெரியாக் கணியமாக வைக்கும் தொகையீட்டுச் சமன்பாடு. கீற்றைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் ஓட்டம் மாறிலி என்பது வழக்கமான மொமென்ட் முறை. அலைநீளத்துக்குப் பத்துத் துண்டு என்பார்கள். ஆனால் மின்புலம் விளிம்புக்குச் சமாந்தரமானால், ஓட்டம் விளிம்பிலிருந்துள்ள தூரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாக எகிறும். மாறிலித் துண்டுகள் அதைப் பிடிக்கப் படாத பாடு படும்.

அந்த வர்க்கமூலத்தை முதலிலேயே பிரித்தெடுத்து, மிச்சத்தைச் செபிஷேவ் பல்லுறுப்பிகள் என்ற பல்லுறுப்பித் தொடரின் கூட்டலாக விரித்துப் பாருங்கள். சமன்பாட்டில் தூரத்தின் மடக்கையாக வரும் பகுதியில் ஒவ்வோர் உறுப்பும் ஓர் எண்ணால் பெருக்கப்பட்டு அதே உறுப்பாகவே திரும்பி வரும். சிக்கலான பகுதி கணினிக்குப் போகுமுன்னே கையால் தீர்ந்துவிடுகிறது! ஒடுங்கிய கீற்றுக்கு முதல் உறுப்பை மட்டும் வைத்தாலே, அகலத்தின் காற்பங்கை ஆரையாகக் கொண்ட கம்பி என்ற பழைய விதி தானாக வந்து விழும். படகுக் கீற்றுக்கு என் தெரிவு இதுதான்.

ஒன்று மட்டும் கவனம். இங்கே எல்லாவற்றிலும் கீற்றின் நீளம் முடிவற்றது. படகில் அது இரண்டு மீற்றர்தான் என்றால், 16ஆம் சனலுக்கு ஏறத்தாழ ஒரே அலைநீளம். மேல், கீழ் முனைகளையும் சேர்த்து முப்பரிமாணத்தில்தான் கணிக்க வேண்டிவரும்.