கொழுந்து மலைக்குப் போகிறவர்களுக்கு டொக்சிசைக்கிளினா, சிப்ரோவா, ஒகுமென்டினா?

"இந்த மூன்று அன்டிபயோடிக் மருந்தில் எது பவர் கூடினது?" என்றுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், எல்லாரும் கேட்பார்கள். அந்தக் கேள்வியே பிழை. உண்ணிக் காய்ச்சலுக்கு டொக்சிசைக்கிளின் கேட்கும், ஒகுமென்டின் எத்தனை நாள் போட்டாலும் கேட்காது. எந்தக் கிருமிக்கு எது என்பது டொக்டர் பார்க்க வேண்டிய விஷயம். ஆனால் இரண்டு மருந்தில் எதைக் கொடுத்தாலும் சரி என்று வரும்போது, நாம் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறோம், வேறு என்ன மாத்திரை போடுகிறோம் என்பதை வைத்துத்தான் எது நமக்குத் தோது என்று சொல்லமுடியும். கிளினிக் வரிசையில் அதையெல்லாம் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே வாய்விட்டுச் சொல்வது நல்லது.

டொக்சிசைக்கிளினை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்து, இடுப்புப் பக்கம் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்ததைப் பார்த்து உண்ணிக் காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்தார்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்து முடியும் முன்பே, பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும் என்று அம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். அன்று பின்னேரம் வந்து பார்த்தால் இரண்டு புறங்கையும் மூக்கும் சிவந்து, வெந்நீர் கொட்டியது போல எரிகிறது. மருந்து கொடுத்த இடத்தில் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இந்த மருந்து உடம்பில் இருக்கும்போது தோல் வெயிலைத் தாங்காது. குளிரும் பனிமூட்டமும்தானே என்று நினைக்க வேண்டாம், உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும், நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முகில் அந்தக் கதிரை முழுதாக மறைப்பதும் இல்லை. முழுக்கைச் சட்டை, தலைக்கும் கழுத்துக்கும் துணி, முடிந்தால் அந்த நாட்களில் வீட்டில் இருப்பது.

அதைவிட முக்கியம், விழுங்கும் விதம். இரவு ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுவிட்டு அப்படியே படுத்தால் மாத்திரை தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும், அப்புறம் எச்சில் விழுங்கவும் நெஞ்சு வலிக்கும். ஒரு கிளாஸ் நிறையத் தண்ணீர், பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டோடு போடலாம். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் கூடவே போடக்கூடாது, இரண்டும் பிணைந்து மருந்து உடம்பில் சேராமலே போய்விடும். மூன்று மணி நேர இடைவெளியாவது வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், வழக்கமாக அவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை.

சிப்ரோபுளொக்சசின்தான் எனக்கு ஆகப் பயம் உள்ள மருந்து. கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் நாணை அது தாக்கலாம், வீங்கலாம், அறுந்தும் போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008இல் இதற்குக் கடும் எச்சரிக்கை போட வைத்து, 2016இல் அதை இன்னும் இறுக்கியது. 60 வயது தாண்டியவருக்கும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரை போடுபவருக்கும் ஆபத்து கூட. செங்குத்தான மலையில் கொழுந்துச் சாக்கைச் சுமந்து இறங்குகிறவருக்குக் குதிகாலுக்கு மேலே வலி எடுத்தால் அது வேலை வலி என்றுதான் தோன்றும், எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டு அடுத்த நாளும் போவார்கள். அப்படிச் செய்யாதீர்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டொக்டரிடம் காட்டுங்கள். சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடுபவருக்குச் சீனி திடீரென்று இறங்கலாம். வீசிங்குக்குத் தியோபிலின் எடுப்பவருக்கு அந்த மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். தேத்தண்ணியில் உள்ள கஃபீனும் இப்படித்தான், உடம்பை விட்டுப் போக நேரம் எடுக்கும், ஆகவே நாளைக்கு ஆறு ஏழு பிளேன் டீ குடிக்கிற நமக்கு நெஞ்சு படபடப்பும் தூக்கமின்மையும் வந்தால் ஆச்சரியமில்லை. இரும்பு மாத்திரைக்கும் அசிடிட்டி மருந்துக்கும் இரண்டு மணி நேரம் முன்னால், அல்லது ஆறு மணி நேரம் பின்னால்தான் சிப்ரோ.

ஒகுமென்டினுக்கு இந்த வெயில், நாண், இரும்புத் தொல்லை எதுவும் இல்லை. அதன் தொல்லை வயிற்றோட்டம். அதில் அமொக்சிசிலினோடு சேர்ந்திருக்கும் கிளவுலானிக் அமிலம்தான் பெரும்பாலும் காரணம். கக்கூஸ் இல்லாத மலையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சாப்பிடத் தொடங்கும்போதே போட்டால் கொஞ்சம் குறையும். மருந்து முடிந்து சில வாரம் கழித்தும் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்தால் இதையும் சந்தேகப்பட வேண்டும், முக்கியமாக வயதான ஆண்களுக்கு. பெனிசிலின் ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே கூடாது. முகம் வீங்கி மூச்சு முட்டினால் இலங்கையில் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

எதுவானாலும் இரத்தம் கலந்து வயிற்றால் போனால் டொக்டரிடம் போக வேண்டும், மிச்ச மாத்திரையை அடுத்த காம்பராவுக்கு, அதாவது பக்கத்து வீட்டுக்கு, கொடுக்கக் கூடாது.

டொக்டர் சரி என்றால் நான் டொக்சிசைக்கிளினையே விரும்புவேன், அதன் கெடுதிகளில் பாதியை ஒரு கிளாஸ் தண்ணீரும் முழுக்கைச் சட்டையும் தடுத்துவிடும். சிப்ரோவின் கெடுதி அப்படி நம் கையில் இல்லை. அம்மாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இப்போது எழுதி ஒட்டியிருக்கிறேன்: கொழுந்து வேலை, இரும்பு மாத்திரை இரவில், வயது 61.