கொம்புத் தவளைக்கு நார்த்தூள் கட்டி: வாங்கலாம், ஆனால் கழுவாமல் போடக்கூடாது

'பேக்மேன்' என்று கடைகளில் விற்கும் தென்னமெரிக்கக் கொம்புத் தவளை நாள் முழுக்க மண்ணுக்குள் பாதி புதைந்து உட்கார்ந்திருக்கும். தண்ணீரை வாயால் குடிக்காது; அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்ளும். படுக்கையில் உப்போ உரமோ இருந்தால் அதுவும் சேர்ந்து உள்ளே போகும். படுக்கையாகப் போடும் தேங்காய் நார்த்தூள் கட்டியை இந்தக் கணக்கில்தான் எடை போட வேண்டும்.

செல்லப்பிராணிப் பொருள் விற்கும் சூமெட் நிறுவனத்தின் 'ஈகோ எர்த்' நார்த்தூள் 650 கிராம் கட்டி ஊறினால் 7 முதல் 8 லிட்டர் வரும். நர்சரியில் கிடைக்கும் அதே எடைக் கட்டியும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டும் தேங்காய் மட்டைதான். பொள்ளாச்சிப் பக்கம் களம் களமாகக் காயும் சரக்குக்கு வெளிநாட்டு அட்டைப்பெட்டி விலை கொடுக்க வேண்டியதில்லை. நர்சரிக் கட்டியில் பார்க்க வேண்டியது உறையில் உள்ள எழுத்து. 'லோ ஈசி' என்றிருந்தால் உப்பு குறைவு. 'பஃபர்டு' என்றால் பெரும்பாலும் கால்சியம் நைட்ரேட்டில் ஊறியது. செடிக்கு நல்லது, தவளைக்கு வேண்டாம். உரம், பெர்லைட் என்ற வெள்ளைக் குருணை, வேப்பம்புண்ணாக்கு கலந்ததையும் தொடவே வேண்டாம்.

கட்டியை 4 லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். உதிர்ந்ததும் பருத்தித் துணியில் கொட்டி, தண்ணீர் ஊற்றிப் பிழியுங்கள். முதல் தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி இறங்கும். நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், உப்புக்கு நிறம் கிடையாது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில், வடியும் தண்ணீர் காட்டும் எண் ஊற்றிய தண்ணீரின் எண்ணை நெருங்கும்வரை அலசுங்கள். மலிவுக் கட்டிக்கு மூன்று நான்கு தடவை ஆகலாம். கடைசி அலசலுக்குக் குளோரின் நீக்கிய தண்ணீர்.

மலிவுக் கட்டியின் இன்னொரு குறை, விரல் நீளத்துக்கு நார். கொம்புத் தவளை இரையோடு மண்ணையும் சேர்த்துக் கவ்வும். நைந்த தூள் கழிவோடு வெளியேறிவிடும். நாரும் மட்டைச் சில்லும் குடலை அடைக்கும். 5 மில்லிமீட்டர் மணல் சல்லடையில் சலித்துவிடுங்கள். இரையை இடுக்கியில் கொடுப்பது இன்னும் உத்தமம். கூழாங்கல்லும் மரப்பட்டைச் சில்லும் இதே காரணத்தால் கூடாது. தேவதாரு, பைன் மரத்தூளில் உள்ள பிசின் வாடை தோலையும் நுரையீரலையும் அரிக்கும்.

ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு சொட்டுதான் விழ வேண்டும். 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம் போதும். சொதசொதவென்று இருந்தால் தவளை புதையாமல் மேலேயே உட்கார்ந்துவிடும். ஒரேயடியாகக் காய்ந்தால் பழைய தோலையே உறைபோல் போர்த்திக்கொண்டு இரை எடுக்காது. எச்சத்தை அன்றன்றே அள்ளி, மாதம் ஒருமுறை முழுதும் மாற்றுங்கள். தாமதித்தால் அம்மோனியா சேரும். அதில் புதைந்து கிடக்கும் தவளை தன் கழிவையே தோலால் திரும்ப உறிஞ்சும். புளித்த வாடையோ, அடிவயிற்றில் சிவப்போ தெரிந்தால் மாத முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, நனைத்த வெள்ளை டிஷ்யூ பேப்பருக்கு மாற்றி, மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாக வாங்கிய தவளைக்கும் முதல் ஒரு மாதம் அந்தப் பேப்பர்தான் சரி. எச்சத்தைப் பார்த்தே உடல்நிலையைக் கணிக்கலாம்.